இரண்டாவது கோடு

அந்த மாவு ஆலையில் அவருக்கு ரெட்டைக்கோட்டார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலைதான். மக்காச்சோளம் ஏற்றிய லாரி வாசலில் வந்து நிற்கும். மூட்டைகளில் குழாய் ஊசியைச் செருகிக் கொஞ்சம் மணி எடுப்பார், மிக்சி ஜாரில் அரைப்பார், தண்ணீர் விட்டுக் கலக்குவார். அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு கோடு விழுந்தால் நல்ல சோளம், லாரி உள்ளே போகலாம். இரண்டு கோடு விழுந்தால் மரபணு மாற்றிய சோளம் கலந்திருக்கிறது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள், அவர் மசிய மாட்டார். கர்ப்பத்தைச் சோதித்துப் பார்த்த மனைவி இரண்டு கோடு விழுந்த பட்டையைச் சந்தோஷமாக நீட்டியபோது, அவர் வாய் தன்னால் "திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிட்டது. திருப்பி அனுப்பப்படாத அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினோரு வயது. மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சோளத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த இந்த மகா நிபுணர், சோளச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவரைப் பொறுத்தவரை சோளம் லாரியில் விளைவது.

பயத்துக்கு மட்டும் குறைவில்லை. கடையில் ஒரு பொட்டலத்தை எடுத்தால் பொடி எழுத்தெல்லாம் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். 'இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தால் சந்தேகம் இன்னும் அதிகமாகும். பசியோடு நிற்கும் மகள் பக்கத்தில் கொட்டாவி விடுவாள்.

இப்படிப்பட்டவரிடம்தான், மனைவியின் அண்ணன் கம்பெனி வேலையை உதறிவிட்டு நிலம் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போடப் போவதாக வந்து சொன்னார். விடுவாரா? ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். மச்சான் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். கலப்பில்லாத விதையை அலைந்து திரிந்து வாங்கினார். சுற்றுவட்டாரச் சோளம் பூக்கும்போது அதன் மகரந்தம் காற்றில் வந்து ஒட்டிவிடக் கூடாதென்று மூன்று வாரம் தள்ளி விதைத்தார். எல்லாம் ஆலை தரும் நல்ல விலையை நம்பித்தான். முதல் விளைச்சல் கைகொடுக்காவிட்டால் குத்தகை அத்தோடு முடிந்தது என்று நிலத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மச்சானின் லாரி வந்த காலையில் ரெட்டைக்கோட்டார் ஒரு திருட்டுக் காரியத்தில் இருந்தார். வீட்டில் வாங்கியிருந்த சோள மாவில் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, ஆலை ஜாரில் கலக்கி, ஆலைப் பட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கோடு பளிச்சென்று விழுந்தது. இதையா இத்தனை நாள் பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே ஹாரன் அடித்தது. பட்டையைச் சட்டைப் பையில் செருகினார். ஜாரை மூன்று முறை கழுவ வேண்டும் என்பது அவரே எழுதி ஒட்டிய விதி. அன்று ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டினார்.

மச்சான் சோளத்துக்கு இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது. ஆனால் விழுந்தது.

"மாப்ள, இன்னொரு தடவ பாருங்களேன்."

"சொந்தக்காரர்னு ரெண்டு தடவ பாத்தா, நாளைக்கு வர்றவனுக்கு நான் என்ன பதில் சொல்றது மச்சான்?"

லாரி திரும்பியது. சொந்த மச்சானையே திருப்பி அனுப்பினாரே என்று ஆலை முழுக்க அதே பேச்சு. மேனேஜர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ரெட்டைக்கோட்டாருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் மனைவி, "உங்க நேர்மையவே பொங்கித் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான்காம் நாள் துணி துவைக்கப் போனவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். கையில் ஒரு பட்டை, அதில் இரண்டு கோடு.

"இது யாரோடதுங்க?" அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஐயோ, நீ வேற! அது நம்ம வீட்டு மாவு. உங்க அண்ணன் லாரி வர்றதுக்கு முன்னாடி அதே ஜார்லதான்..."

சரியாகக் கழுவாத ஜார் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒவ்வொரு லாரியிலும் ஒரு கைப்பிடி மணியை உறையில் போட்டு ஒரு மாதம் வைத்திருப்பது ஆலை வழக்கம். அவர் ஓடிப்போய் மச்சானின் உறையைப் பிரித்தார். ஜாரை ஐந்து முறை கழுவி அரைத்தார். ஐந்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் பட்டையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே கோடு. நல்ல சோளம் என்றால் அப்படியொரு நல்ல சோளம்.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னார். "இத வெளிய சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, நம்ம பேரு கெடும். லாரிய மட்டும் திரும்பி வரச் சொல்லுங்க" என்றார் அவர்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. பஸ் பிடித்து நேரே காட்டுக்குப் போனார். மச்சான் வரப்போரம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்குப் பச்சைப் பசேலென்று பயிர் நின்றதைப் பார்த்ததும் ரெட்டைக்கோட்டாருக்குப் போன உயிர் வந்தது.

"இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கா மச்சான்?"

"அது பக்கத்துக்காரரோட கரும்பு மாப்ள. நம்மளது நீங்க மிதிச்சிக்கிட்டு நிக்கிறது."

குனிந்து பார்த்தார். காலடியில் அறுத்த கட்டைகள் வரிசையாகக் காய்ந்து கிடந்தன. சோளம் வளர்ந்த இடத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நின்ற நிலையிலேயே ஜார் கதையைச் சொல்லி முடித்தார். மச்சான் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"மறுநாளே மாட்டுத் தீவனக்காரர் வந்து அடிமாட்டு வெலைக்கு அள்ளிக்கிட்டுப் போயிட்டார். நெலத்துக்கும் வேற ஆள் வந்தாச்சு. இன்னிக்கு மோட்டார் ரூம் சாவியக் குடுக்கத்தான் வந்தேன்" என்றார் மச்சான். காய்ந்த கட்டை ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு, "நீங்க சொன்ன மாதிரியேதான் மாப்ள எல்லாம் செஞ்சேன்" என்றார்.

பொழுது சாய வீடு திரும்பினார். மேசையில் சூப் ஆவி பறந்தது. இரண்டு கோடு விழுந்த அந்த மாவில்தான் செய்தது. பாதிப் பொட்டலத்தைத் தூக்கிப்போட மனைவிக்கு மனம் வரவில்லை, அல்லது வேண்டுமென்றேதான் செய்தாள். அவரிடமும் ஒரு கிண்ணத்தை நகர்த்தினாள்.

மகள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக அவர் சொல்லும் தீர்ப்புக்காகக் காத்திருந்தாள். "அப்பா, இது நல்லதா?"

"நல்லத மாடு தின்னுக்கிட்டு இருக்கும்மா" என்றார். "ஆறுறதுக்குள்ள குடி."