மருதாசலம் சிரித்த விளம்பரம்

சுரங்கக் குவார்ட்டர்ஸில், எங்கள் பிளாக்கில், மிக்ஸி வாங்குவதானாலும் ஃபேன் வாங்குவதானாலும் முதலில் மருதாசலத்தைத்தான் கேட்பார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர், கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் நல்லது கெட்டது சொல்லிவிடுவார். அது தப்பியதில்லை. அப்படிச் சேர்த்த நல்ல பெயரை ஓர் இலவச டப்பாவுக்குக் கொடுத்துவிட்டாரே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பத்தொன்பதில் சென்னையிலிருந்து ஒரு வீடியோ கேம் கம்பெனி ஆள் வந்தான். டிவியோடு இணைத்து விளையாடுகிற கருவி விற்கிறவன். விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். நேராக மருதாசலத்தின் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினான். குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறோம், செட் இலவசமாக வீடு தேடி வரும் என்றான். வாழ்நாளில் முதல்முறையாக மருதாசலம் பொருளைப் பார்க்காமலே தலையாட்டினார். பையன் கணக்கில் மட்டம் என்று பேச்சுவாக்கில் உளறியும் வைத்தார்.

அடுத்த மாதம் வார இதழில் முழுப்பக்க விளம்பரம். வண்ணத்தில் கார்கள் பறந்தன, விமானங்கள் குண்டு போட்டன, நூறு விளையாட்டுகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓரத்தில் மருதாசலம் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ‘என் மகன் இப்போது கணக்கில் முதல் மார்க்!’ என்று அவர் பெயரோடு ஒரு வரி. பிளாக்கில் நாலு வீட்டார் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டினார்கள்.

பார்சல் வந்தது. டிவியில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே ஒரு புள்ளி. கோட்டை நகர்த்திப் புள்ளியைத் தட்ட வேண்டும். நூறு விளையாட்டும் அதேதான். வேகம் மட்டும் மாறும். மருதாசலத்துக்கு வந்த செட்டும் அதே லட்சணம்.

எதிர்வீட்டு ஜெயராமன் ஆபீஸ் கிளார்க். சும்மா விடுகிற ஆள் இல்லை. கடலூரில் புதிதாக வந்திருந்த நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டு, நாலு வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார். கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. செட் வைத்திருக்கிற உங்கள் மருதாசலமே விளம்பரத்தில் மெச்சுகிறார், உங்களுக்கு மட்டும் என்ன குறை?

ஜெயராமன் மருதாசலத்திடம் வந்து நின்றார். “சார், நீங்க வந்து உண்மையச் சொன்னாத்தான் கேஸ் நிக்கும்.”

மருதாசலம் மாட்டிக்கொண்டார். போகாவிட்டால் கம்பெனியின் கையாள் என்பார்கள். போனால், பொருளைப் பார்க்காமலே சிரித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் பேச்சை யார் கேட்பார்கள்? ஓடி ஒளியவும் வழியில்லை. வேலை பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் பர்மனென்ட், எதிர்வீட்டு ஜெயராமனும் பர்மனென்ட். கிளப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்.

“அத நீங்களா சொன்னீங்க? அவனுகளா எழுதிக்கிட்டானுக,” என்றாள் மனைவி தமயந்தி.

“சொல்லலைதான். ஆனா பத்திரிகையில பார்த்த அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருக்கோணுமில்ல? ஆளாளுக்கு வந்து கை குடுத்தாங்க. எனக்கும் இனிச்சுது. வாய மூடிக்கிட்டேன்.”

கடைசியில் போனார். கம்பெனி வக்கீல் விளம்பரத்தை நீட்டினார். “இதில் இருப்பது நீங்கள்தானே? யாராவது மிரட்டிச் சிரிக்க வைத்தார்களா?”

மன்றத்தில் சிலர் சிரித்தார்கள்.

“இல்லீங்க. சும்மா குடுக்கறேன்னாங்க, சிரிச்சேன். அப்ப பொருள நான் கண்ணால பார்க்கலீங்க. பையன் இப்பவும் கணக்குல பெயிலுதானுங்க.”

நாலு பேருக்கும் பணம் திரும்பியது. விளம்பரத்தை நிறுத்தும்படியும் உத்தரவானது. ஜெயராமன் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கம்பெனி கடையை மூடியது. ஆறு மாதத்தில் வேறு பெயரில், வேறு விலாசத்தில், அதே விளம்பரம் வந்தது. அதே சிரிப்பு. மருதாசலம் மறுபடி கடலூருக்கு ஓடினார். காசு கொடுத்து வாங்காதவர் சட்டப்படி நுகர்வோர் இல்லையாம். சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதற்கு வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் அலைய வேண்டும். பாவம், அந்த மனுஷன் தன் முகத்தைக்கூடத் திருப்பி வாங்க முடியாமல் வந்து சேர்ந்தார்.

அந்த வாரம் சுரங்கத்தில் பாவாடை என்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி, பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளுகிறவன், முத்தாண்டிக்குப்பத்துக்காரன், விளம்பரத் தாளோடு அவரிடம் வந்தான்.

“சார், இது நீங்கதானுங்களே? எம் புள்ளைக்கும் கணக்கு வரலிங்க. மச்சான் வூட்ல டிவி இருக்குது. இத வாங்கலாம்னு நெனைச்சிகினு இருக்கேங்க.”

“வாங்காதே பாவாடை, அது ஏமாத்து. கடலூர்ல கேஸே போட்டு ஜெயிச்சாச்சு.”

“அந்தக் கேஸு வேற கம்பெனி மேலங்க. எனக்கும் தெரியும்.”

“ஆளுக அதேதான். நான் சொல்றத நம்பு.”

பாவாடை படத்தைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“பர்மனென்ட் வூட்டுப் புள்ளைங்க மொத மார்க் வாங்கணும். எங்க புள்ளைங்க கரி அள்ளிகினே கெடக்கணும். அதானுங்களே சார்?”

தாளைக் கவனமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சம்பளம் வந்த அன்றே பணம் கட்டினான்.