அக்காவுக்குத் துணை

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் தெரு வழியாக நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு ஜன்னல் விளிம்பில் பள்ளிக்கூடச் சப்பாத்துகள் வெள்ளை பூசிக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் நான் இன்றைக்கும் தெருவின் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவேன். ஐம்பதை நெருங்குகிறவன், பசாரில் பேரம் பேசி மீன் வாங்கத் தெரிந்தவன், ஆனாலும் தாண்டிவிடுவேன்.

காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் சப்பாத்து அபூர்வப் பொருள். தமிழ்ப்பள்ளிக்கு வெறுங்காலோடுதான் போனோம், நானும் பாக்கியம் அக்காவும். அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனால் ஒரே வகுப்பு. ஃபெயிலானாளா என்று கேட்டுவிடாதீர்கள், அடிக்க வருவாள். நான் பள்ளிக்குப் போகும் வயதை எட்டும்வரை அவளை வீட்டில் நிறுத்திவைத்திருந்தார்கள். பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாதாம், துணைக்கு ஓர் ஆண் வேண்டுமாம். அந்த ஆண் மூக்கு ஒழுக அவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் போனது.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய மறுவருடம் ஆறாம் வகுப்பு முடிந்தது. அக்காவுக்கு ஆங்கிலப் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே ஆண்கள் பள்ளி. டவுன் கவுன்சிலில் கால்வாய் சுத்தம் செய்துவிட்டு வந்த அப்பா, கைகால் கழுவிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "தம்பிக்கும் எடம் கெடச்சா ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போங்க. இல்லன்னா ரெண்டு பேரும் வூட்ல கெடங்க."

அதாவது, அக்காவின் படிப்பு இப்போது என் மூளையின் பொறுப்பு. நாட்டின் சுதந்திரத்தையே என்னிடம் ஒப்படைத்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

அக்காவுக்காவது நான் இருந்தேன். கணக்கில் அக்காவையே முந்துகிற எங்கள் வகுப்பு ராஜம்மாவுக்குத் தங்கைகள் மட்டும்தான். "ஒன் தம்பிய எனக்கும் சேத்துத் தொணைக்கு அனுப்பேன்" என்று கேட்டாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவள் அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார்: "அடுத்த வூட்டுப் பையன் எப்படிம்மா தொணையாவான்?" அந்தச் சிரிப்போடு ராஜம்மாவின் படிப்பு முடிந்தது.

அதைப் பார்த்த பிறகு அக்கா என்னை விடவில்லை. குழாயடியிலும் ஆங்கிலம், கொல்லையிலும் ஆங்கிலம்.

"வாட் இஸ் யுவர் நேம்? சொல்றா."

"ஒனக்குத்தான் தெரியுமே!"

"டேய், நீ ஃபெயிலானா நான் வூட்ல ஒக்காந்து தேங்கா துருவணும். தேங்கா முடிஞ்சதும் ஒன் மண்டையத் துருவுவேன்."

ஆண்கள் பள்ளி நேர்முகத் தேர்வுக்குச் சப்பாத்து வேண்டுமே! பக்கத்துச் செட்டி வீட்டு அம்மா தன் மகனுடையதை வெள்ளை பூசிக் கொடுத்தார். மலாய்க்காரர் போல் கெபாயாச் சட்டை அணிந்து, பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, வீட்டில் மலாய் பேசுகிற மக்கள் அவர்கள். "பக்காய் லா", போட்டுக்கொள் என்று என் காலையே பிடித்து மாட்டிவிட்டார். எனக்கு அது சம்பான் படகு. முனையில் பழைய பேப்பரைத் திணித்தோம்.

தேர்வு நாளில் ஆங்கிலத் தொடக்கப்பள்ளிப் பையன்கள் நேராக வகுப்புக்குள் போனார்கள். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள், அப்பாவிடமே ஆங்கிலத்தில் கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்றோம். பக்கத்தில் நின்ற சீனப் பையனுக்கும் எனக்கும் இருந்த ஒரே பொதுமொழி நடுக்கம். வேலிக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரத் தலைமையாசிரியர், பக்கத்தில் பாதி வெள்ளைக்கார வம்சத்துச் சட்டைக்காரி டீச்சர் ஒருவர். தலைமையாசிரியர் ஏதோ கேட்டார். என் பெயராகத்தான் இருக்கவேண்டும். எனக்கு என் பெயர் மறந்துபோயிற்று. அக்கா ஊட்டியதெல்லாம் வியர்வையாக வெளியே வந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் கதவைக் காட்டிக் கையசைத்தார். கதவுக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் அக்கா. எனக்கு அழுகையும் ஆங்கிலமும் ஒன்றாகப் பீறிட்டன.

"மை சிஸ்டர் வெரி கிளெவர், சார்! மீ நோ கிளெவர். யூ நோ டேக் மீ, மை ஃபாதர் நோ செண்ட் சிஸ்டர்!"

டீச்சர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேலிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தைப் பதித்துக்கொண்டு ஒருத்தி. திரும்பி வந்து தலைமையாசிரியரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். அக்காவின் மூளைக்காக ஆண்கள் பள்ளியில் சேர்க்கப்பட்ட பையன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

ஐந்தாம் பாரப் பரீட்சையோடு பள்ளிக்கூடமும் நானும் நிம்மதியாகப் பிரிந்தோம். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனாலும் அதே பஸ்தான், அக்காவுக்குத் துணைதான். அவளோ ஆறாம் பாரம் முடித்து, கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டாள்.

"அங்க தொணைக்கு யாரு?" அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பழைய வியர்வை. பல்கலைக்கழகத்திலும் என்னைச் சேர்த்துவிடுவார்களோ?

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, முறத்தைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசமா இவன் அவளுக்குத் தொணைன்னா நெனச்சிக்கிட்டிருக்கீங்க? பஸ்ஸுல ஏறுன ஒடனே வாயப் பொளந்துகிட்டுத் தூங்குறவன தட்டி எழுப்பி எறக்கிவுட்டது அவதான்!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா பெட்டி கட்டினாள்.

அவள் போன மறுநாள் காலை பஸ் ஏறினேன். கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றது. "அக்கா எங்கடா?" என்றார். துணிக்கடை முதலாளி அன்று பேசியதை இங்கே எழுதமுடியாது.

அந்தப் பஸ் கம்பெனி மூடிவிட்டது. கண்டக்டர் என்ற உத்தியோகமே இப்போது கிடையாது. பெண்பிள்ளைகள் தனியாக ஏறித் தனியாக இறங்குகிறார்கள். தூங்குகிறவனை எழுப்ப எவருமில்லை. நான் எங்கே போனாலும் சைக்கிள்தான்.