வாயில் மிளகாய்ப்பொடி

மூன்று வயது முடிந்தபோது என் மகளுக்கு உடம்பில் எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்திருந்தது. புருவம், முழங்கை, தொப்புள், கணுக்கால் என்று தொட்டுத் தொட்டுச் சொல்வாள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் பெயர் கிடையாது. அதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘ஷேம் ஷேம்’. குளித்துவிட்டுத் துண்டில்லாமல் ஓடினால் ஷேம் ஷேம், ஜட்டி போட அடம்பிடித்தால் ஷேம் ஷேம். குழந்தையின் உறுப்புக்கு வெட்கக்கேடு என்று பெயர் வைத்துவிட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில், சாப்பிடும்போது இந்தப் பேச்சை எடுத்தேன். என் கணவர் ‘பூ’ என்று சொல்லிக்கொடுக்கலாம் என்றார். அவர் அக்கா வீட்டில் அப்படித்தானாம். பூ என்றால் பறிக்கத்தான் தோன்றும், வேண்டாம் என்றேன். சரி, இங்கிலீஷிலேயே சொல்லிவிடலாம், அதுதான் டீசண்ட் என்றார். அதில் நம் கூச்சம் போகுமே தவிரக் குழந்தைக்கு என்ன லாபம் என்று கேட்டேன். கடைசியில் ‘பிறப்புறுப்பு’ என்று நானே முடிவு செய்தேன். பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற சொல். அதில் செல்லமும் இல்லை, அசிங்கமும் இல்லை. பயாலஜி மிஸ் வந்துவிட்டார் என்று அவர் சிரித்தார். கையில் இருந்த கரண்டியை விட்டெறிந்தேன். அது ஃப்ரிட்ஜ் கதவில் பட்டுப் பள்ளம் விழுந்தது. இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்.

நான் வளர்ந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் சட்டென்று கை ஓங்கிவிடுவார். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். ஒருமுறை குழாயடியில் தண்ணீர்ச் சண்டை. பின்வரிசை வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். சட்டைகூடப் போடாமல் ஓடிவந்த அப்பா, கையில் இருந்த ஸ்பானரால் அந்த மனிதரின் வாயிலேயே அடித்தார். குழாயடிச் சிமெண்டில் ரத்தமும் பல்லும் கிடந்தன. அம்மா குடத்தை வைத்துவிட்டு அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அப்படியும் அப்பா உதைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரு அக்கா ஒருத்தியிடம் கேட்டேன். அவள் என் பாவாடையைச் சுட்டிக்காட்டிவிட்டு ஓடிப்போனாள். என் உடம்பின் அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். அப்பா அம்மா யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சண்டைதான் சொல்லிக்கொடுத்தது.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா ஷிஃப்டுக்குப் போகிற வழியில் என்னைச் சைக்கிளில் பள்ளியில் இறக்கிவிடுவார். முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைப்பார். மணி அடிக்க விடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். சில நாட்களாக அவர் கை போகக் கூடாத இடத்துக்குப் போனது. எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை வைத்துத்தான் சொன்னேன்.

வாயிலேயே அறை விழுந்தது. நான் அடுப்பு மேடையில் மோதி விழுந்தேன். எழுந்து மறுபடியும் அதையே சொன்னேன். முதலில் சொன்னது அவளுக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அம்மா என் தாடையை நெரித்து வாயைத் திறந்து, டப்பாவிலிருந்து மிளகாய்ப்பொடியை அள்ளி நாக்கில் தேய்த்தாள். கெட்ட வார்த்தை பேசினால் மிளகாய்ப்பொடி என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்ற வீடுகளில் உதட்டில் சும்மா ஒரு பொட்டு வைப்பார்கள். இவள் கைப்பிடி அள்ளினாள். மூக்கில் ஏறி, கண்ணில் ஏறி, மூச்சு அடைத்துத் தரையில் உருண்டேன். இனி இந்தப் பேச்சை எடுத்தால் நாக்கை அறுத்துவிடுவேன் என்றாள்.

மறுநாள் சைக்கிள் இல்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெயிலில் பள்ளி வரைக்கும் நடந்தாள். அந்த வருடம் முழுவதும் நடைதான். கெட்ட வார்த்தை பேசியதற்கு அதுவும் ஒரு தண்டனை என்று நினைத்தேன். அந்த மாமா பின்னால் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அம்மாவுக்கு நான் சொன்னது புரியவில்லை, வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் மகளுக்கு அந்தச் சொல்லைத் தினமும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். “யாரும் தொடக் கூடாத இடம் எது?” என்று கேட்பேன். “பிறப்புறுப்பு” என்று கத்துவாள். லிஃப்டில்கூடக் கத்துவாள். பக்கத்து ஃப்ளாட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும். நாளைக்கு இவளுக்கு ஒன்று என்றால், அறை வாங்காமல் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறதல்லவா. எனக்கு அது போதும்.

போன வருடம் தம்பி பையனுக்கு மொட்டை போடச் சமயபுரம் போயிருந்தோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. லாட்ஜில் ஓர் அறை எடுத்திருந்தோம். மகளை அம்மா குளிப்பாட்டினாள். நான் துண்டோடு பாத்ரூம் வாசலில் நின்றேன். அம்மா சோப்பை எடுத்ததும் மகள் அவள் கையை விலக்கினாள். “அம்மாச்சி, பிறப்புறுப்பை நானே கழுவிக்குவேன். அங்க யாரும் தொடக் கூடாது” என்றாள்.

பளீரென்று அம்மாவின் கை அவள் வாயில் விழுந்தது.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிச் சுவரில் அடித்தேன். கண்ணாடி வளையல்கள் நொறுங்கிச் சதையில் ஏறின. ரத்தம் வாளித் தண்ணீரில் சொட்டியது. மகள் துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டு மூலையில் ஒண்டினாள். அவள் உதடு அதற்குள் வீங்கிவிட்டது. “என்னையும் இப்படித்தானே அடிச்ச. நான் என்ன சொல்ல வந்தேன்னு கேட்டியா நீ?” என்று கத்தினேன்.

வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, என்ன சத்தம் என்று அதட்டினார். அம்மா ரத்தக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். வளையல் உடைந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று அவருக்குக் குரல் கொடுத்தாள். பிறகு என் காதோரம் சொன்னாள்.

“கேட்டேன்டீ. நீ சொன்ன அன்னிக்கே எல்லாம் புரிஞ்சுது. உங்கப்பா காதுல விழுந்திருந்தா அவனைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிருப்பாரு. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? அதான் உன் வாய அடைச்சேன்.”

என் நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. அவளுக்குப் புரியவில்லை என்பதை நான் எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தேன். புரிந்துகொண்டுதான் மிளகாய்ப்பொடியை அள்ளினாள் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் தலையைப் பிடித்துச் சுவரில் முட்ட வேண்டும் போல இருந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரே காரணத்துக்காக மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும்போது வேனில் அம்மாவும் அப்பாவும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். தம்பியும் அவன் மனைவியும் குழந்தையும் பின்னால். அம்மா கையில் கர்ச்சீப்பைச் சுற்றியிருந்தாள். நான் மகளின் காதில் எங்கள் கேள்வியை மெதுவாகக் கேட்டேன். அவள் முன் இருக்கையைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி கேட்டதும், பொத்திய கைக்குள்ளேயே “ஷேம் ஷேம்” என்றாள். இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தது ஓர் அறையில் போய்விட்டது.

அம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். திரும்பி உட்கார்ந்தாள்.

“அது ஷேம் இல்ல கண்ணு. பிறப்புறுப்பு. அம்மாச்சி அடிச்சது தப்பு. அம்மா சொல்லிக்குடுத்ததையே சொல்லு.”

டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வண்டியில் வைத்து என்னடி பேச்சு என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கினார். இந்த வயதிலும் அந்தக் கை மட்டும் நடுங்குவதில்லை. அம்மா கட்டுப்போட்ட கையாலேயே அதைப் பிடித்தாள். தன் இன்னொரு கையையும் சேர்த்து அதைத் தன் மடியோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். கர்ச்சீப் மறுபடி சிவந்தது.

“இப்பச் சொல்லுடீ, அன்னிக்கு எங்கிட்ட சொன்னத. நான் பிடிச்சிருக்கேன்” என்றாள்.

அவளை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதப் போவதில்லை. வேன் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது சொல்ல ஆரம்பித்தேன். யார், எந்தச் சைக்கிள், கை எங்கே போனது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அந்த இடத்துக்கு என் மகளுக்குக் கற்றுக்கொடுத்த சொல்லையே சொன்னேன். அப்பா கையை உதறினார், இருக்கையை உதைத்தார், வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அம்மா விடவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை. நான் முடிக்கும்போது, என் மகள் வாயிலிருந்து கையை எடுத்திருந்தாள்.