மகளுக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

எங்கள் ஜெபக் குழுவில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசுவது கிடையாது. விண்ணப்பம் வைப்போம், அவ்வளவுதான். "அந்தத் தங்கச்சி வீட்டுல சமாதானம் இல்ல, பாரமா ஜெபிச்சுக்குங்க" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டால், அங்கே யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது சாயங்காலத்துக்குள் சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் பொங்கோல் பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் நல்ல ஜனங்கள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் கஞ்சியோடு வாசலில் நிற்பவர்கள்.

குழுவை நடத்துகிறவர் என் கணவர். ஒரே மகள் நர்ஸ். மருத்துவமனைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்துக்கொண்டு போனாள். இந்த ஊரிலேயே வீடு இருக்க, கல்யாணம் ஆகாத பெண் வாடகை அறைக்குப் போவதா என்று அவருக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் விழுந்து அவள் சபைக்கு வருவதும் நின்றபோது, "அந்த ரூம் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். "அப்ப நானும் அங்க வரல" என்றாள் அவள். பிடிவாதத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். நடுவில் நான்தான் மீன் குழம்பை டப்பாவில் அடைத்துக்கொண்டு ரயிலில் அலைந்தேன்.

அப்படியே மாதங்கள் ஓடின. ஒரு நாள் காலையில் அவர் குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார். "விசுவாசத்த விட்டுப் பின்மாற்றத்துல இருக்கிற ஒரு மகளுக்காக ஜெபிச்சுக்குங்க. உலகம் அவளை இழுத்துட்டுப் போயிருச்சு. பேரு வேணாம்."

பேர் எதற்கு? குழுவில் மற்ற வீட்டு மகள்கள் இன்னும் தொடக்கப்பள்ளியைத் தாண்டவில்லை.

ஆமென்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று எங்கள் மகளுடையது. அவளை யாரும் குரூப்பிலிருந்து எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்து இன்னொரு வரி போட்டிருந்தாள்: "அப்பா, என்கிட்டயே சொல்லியிருக்கலாம் லா."

இவர் பதறிப்போய்ப் பதிவை அழித்தார். அழித்தது தன் போனில் மட்டும். மற்ற எல்லாருடைய போனிலும் அது பத்திரமாக இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிள்ளைய இப்படி ஊர் முன்னால நிறுத்திட்டீங்களே!"

"நான் ஜெபம்தானே கேட்டேன்?"

"செம்பவாங் கப்பல் யார்டுல ஓவர்டைம் பாத்தப்ப நீங்க எத்தன ஞாயிறு சர்ச்சுக்கு வந்தீங்க? இவளை இடுப்புல வச்சுக்கிட்டு நான்தானே பஸ் ஏறிப் போனேன்! உங்களுக்காக யாருகிட்டயாவது ஜெபம் கேட்டேனா?"

கேட்டிருக்கலாமோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். எல்லாக் குழுக்களுக்கும் பாஸ்டர் அனுப்பியிருந்த வேதபகுதி என்ன தெரியுமா? தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பைத் தேடுகிறவனைப் பற்றியது. பாஸ்டரிடம் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று இவருக்குச் சந்தேகம். எனக்கோ வேறு கவலை. மகளைக் கூப்பிட்டிருந்தேன். "பாக்கலாம்மா" என்றிருந்தாள். இந்த முறை வராவிட்டால் இனி வரவே மாட்டாள் என்று பயமாக இருந்தது.

பாட்டு முடிகிற நேரத்தில் வந்தாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், கதவோரமாக உட்கார்ந்தாள். குழுவிலேயே மூத்த அக்கா ஒருவர் உருகிப்போய்த் திரும்பினார். "வந்துட்டியாம்மா! உனக்காகத்தான் முட்டி போட்டு ஜெபிச்சுக்கிட்டே இருக்கோம்."

மகளின் கை பையைத் தேடியது. எழுந்து போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றார் என் கணவர். வேதாகமம் கையில் விரிந்தபடி இருந்தது. "அந்த விண்ணப்பத்த நான் வாபஸ் வாங்கிக்கிறேன். யார்டுல இருந்தப்ப நான் வருஷக்கணக்கா ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வந்ததில்ல. பாவம், உழைக்கிற மனுஷன்னு எல்லாரும் சொன்னாங்க. இவ வேலைக்குப் போனா நான் பின்மாற்றம்ங்கறேன். அதுவும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அதான் உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன், நான் செஞ்சது தப்பு. இன்னிக்கு இந்தப் பகுதிய வாசிக்கிறேன். விளக்கம் சொல்ல எனக்கு யோக்கியத இல்ல."

வாசித்தார், உட்கார்ந்தார். முதல் தடவையாக எங்கள் குழுவில் யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த அக்காவையும் சும்மா சொல்லக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் சேத்துத்தான் வாசிச்சீங்க தம்பி" என்றார். பிறகு எல்லாரும் ஆட்டிறைச்சிப் பிரட்டலை ஒரு கை பார்த்தார்கள். மகள் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு அவள் தட்டுகளைக் கழுவினாள். அவர் துண்டோடு பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்," என்றாள் அவரைப் பார்க்காமலே. "அப்புறம் ரூமுக்கு வாங்கப்பா."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சபையைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

"சின்ன ரூம். ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு," என்றாள்.

"பரவால்லம்மா. நான் தரையில உக்காந்துக்கிறேன்."