வெள்ளைத் துரு

அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போட்டபோது அதில் என்ன எழுதியிருந்தது என்று அண்ணனுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஒரே ஒரு பக்கம். ஆங்கிலத்தில் நான் தட்டச்சு செய்தது. அலுவலக மேசையின் ஓரத்தில் நின்றபடியே என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “வாசிச்சிப் பாருங்கண்ணே” என்றேன். “நீ எழுதுனத நான் என்னத்த வாசிக்கிறது” என்று சிரித்தார். அண்ணன் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவர். தேயிலை பெக்டரியில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. இயந்திரங்களோடு வரும் ஆங்கிலக் கையேடுகளை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார். அன்று அவர் கண் அந்தத் தாளின் மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். சில நாள் ஒரு நொடிதான் என்று தோன்றும். சில நாள் அதைவிட அதிகம் என்று தோன்றும்.

அப்போது நான் மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு சுற்றுலா விடுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவைத் திருத்திக் கட்டிய விடுதி. வேலை நிரந்தரமாகவில்லை, கலியாணம் முடிந்திருந்தது, வீட்டுக்காரருக்கு நிலையான வருமானம் இல்லை. விடுதித் தோட்டத்தில் ஒரு சின்ன விமானத்தை நிறுத்தி, வரும் பிள்ளைகளை அதில் ஏற்றி உட்கார வைக்க வேண்டும் என்பது மேனேஜரின் ஆசை. கொழும்புக்கு அருகில் கடலோரத்தில், இயந்திரம் கழற்றப்பட்ட பழைய இரண்டு ஆசன விமானம் ஒன்று விலைக்கு இருந்தது. விமானம் தெரிந்த பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிப் போகலாமே என்று நான் கேட்டதற்கு, “பறக்கவா போகிறது? துரு பார்க்கத் தெரிந்த ஒருவர் போதும்” என்றார். உடனே அண்ணனின் பெயரைச் சொன்னது நான்தான். யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெருமையில் சொன்னேன்.

கினிகத்தேனை வழியாக மேனேஜரின் வான் வண்டியில் மலையிறங்கிப் போனோம். அண்ணன் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் டோர்ச், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய பல் தூரிகை. விமானம் ஒரு கொட்டகைக்குள் நின்றது. வெள்ளையும் சிவப்புமாகப் புதுப் பெயின்ட். எனக்கு அது கலியாண வீட்டுக்கு வந்த கார் போல இருந்தது. அண்ணன் அந்தப் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. ஆசனங்களைக் கழற்றச் சொன்னார். தரையில் ஒட்டியிருந்த கம்பளத்தைத் தூக்கினார். பிறகு விமானத்தின் வயிற்றுக்குள் ஊர்ந்து வால் பக்கம் போனார். நெடுநேரம் அவருடைய செருப்பில்லாத பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

விற்பவரின் ஆள் ஒருவன் கதவில் சாய்ந்து நின்றான். “என்ன பாஸ், உள்ளுக்கே குடியிருக்கப் போறீங்களா? போட்டோ பிடிக்கத் தானே வாங்குறீங்க” என்றான். உள்ளே இருந்தபடியே அண்ணன், “பறந்தா ரெண்டு பேரு தான் தம்பி ஏறுவாங்க. தோட்டத்துல வச்சா நாள் முழுக்க புள்ளைங்க ஏறி குதிக்கும்” என்றார்.

என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். தரைத் தகட்டின் ஓரத்தில், ஆணித் தலைகளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கார் பெட்டரியின் முனையில் படியுமே, அந்த மாதிரி. எனக்குக் கோலமாவு சிந்தியது போலத் தெரிந்தது. தூரிகையால் அதைத் தேய்த்துவிட்டு, கீழே குழிகுழியாக அரித்திருந்ததைக் கண்ணாடியில் காட்டினார். ஓரிடத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார். தகடு ஈரத்தில் ஊறிய அட்டை போல ஏடு ஏடாகப் பிரிந்தது. தண்ணீர் வடிய வைத்த சின்னத் துளைகளை மண் அடைத்திருந்தது. எலிக் கூடு ஒன்றும் இருந்தது. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் கணீரென்றது. கெட்ட இடத்தில் சத்தமே எழவில்லை. எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தையும் அவர் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்.

“இரும்புன்னா செவப்பா காட்டிக் குடுத்துரும் தங்கச்சி. இது அலுமினியம். வெள்ளையா இருந்துக்கிட்டே உள்ளுக்குத் தின்னுரும். அதான் மேல பெயின்ட் அடிச்சி வச்சிருக்கானுங்க. வேணாம்னு எழுதிரு.”

மேனேஜரிடம் இதை அவரே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் மேலே இருப்பவர்களின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லை. துரையிடம் பேச வேண்டியதைக் கணக்கப்பிள்ளை சொல்வார், சங்கத் தலைவர் சொல்வார், மனுவில் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது அலுவலகத்தில் படித்த தங்கச்சி இருக்கிறாள். அவளே எழுதுவாள். மேனேஜரும், “எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழி முழுக்க அண்ணன் நிம்மதியாகத் தூங்கினார்.

முதலில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். மேனேஜர் வாசித்துவிட்டுத் தாளை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். “இப்படி எழுதினால் தலைமை அலுவலகம் பணம் தராது. மேலே சில கறைகள், திருத்திப் பாவிக்கலாம் என்று போடலாமே. உங்களுடைய நிரந்தர நியமனக் கடிதமும் இந்த மாதம்தான் போக வேண்டும்” என்றார். மிரட்டவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர்கூடக் கொண்டுவரச் சொன்னார். மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேனோ என்று இன்று யோசிக்கிறேன். மறுத்திருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது. ‘உள்ளே அரித்துவிட்டது’ என்ற வரியை அழித்து, ‘மேற்பரப்பில் சிறு கறைகள் மட்டுமே’ என்று அடித்தேன். திருத்திய பிறகுதானே பிள்ளைகளை ஏற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளைத்தான் அண்ணனிடம் நீட்டினேன்.

விமானம் லொறியில் வந்தபோது அண்ணன் விடுதி கேட்டுக்கு வெளியே நின்றார். “வாங்கிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். “திருத்தித்தான் வைக்கப் போறாங்களாம்” என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார். யாரும் எதையும் திருத்தவில்லை. புதிய கம்பளம் போட்டார்கள். எங்கள் ஊர் மழையும் பனியும் மாறி மாறி அந்தக் கம்பளத்தில் ஊறின.

அப்போது வயிற்றில் பிள்ளையோடு எனக்கு ஏழாம் மாதம். தங்க வந்திருந்த ஒரு குடும்பத்தின் சிறுமி ஆசனத்திலிருந்து தரையில் குதித்தாள். தகடு உடைந்து, கால் முழங்கால் வரை உள்ளே போனது. பிய்ந்த தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருந்ததாம். நான் அலறலை அலுவலக ஜன்னல் வழியாகக் கேட்டேன். எழுந்து போகவில்லை. கீழே என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நிறையத் தையல் போட்டார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இப்போதும் காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறாள் என்று கேள்வி.

மேனேஜர் கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். பொலிஸில் அண்ணனை உட்கார வைத்து அதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார்கள். அவர் இல்லையென்று சொல்லவில்லை. கையெழுத்து தன்னுடையதுதான் என்றாராம். பெக்டரியில், பிள்ளைகள் ஏறும் இடத்துக்குப் பொய்ச் சான்று கொடுத்தவனை நம்பி இயந்திரத்தை விட முடியாது என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லயத்தில் சிலர், “பிட்டர் எவ்வளவு வாங்கினாரோ” என்று அவர் காது படவே பேசினார்கள். அம்மா அழுதுகொண்டே, “ஏன்டா அப்படி எழுதிக் குடுத்த?” என்று கேட்டபோது நான் அதே அறையில் இருந்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமல், “நாந்தாம்மா சரியா பாக்கல்ல” என்றார். அடுத்த நாள் வேலை தேடிக் கொழும்புக்குப் போவதற்கு முன் என் அருகில் வந்து, “உன்ன யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீ நேரத்துக்கு சாப்புடு” என்றார். மன்னித்தாரா, வெறுத்தாரா, அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் உண்மையிலேயே வாசிக்காமல் போட்டிருந்தால், நான் ஏமாற்றியது என்னை நம்பிய ஒரே மனிதரை. வாசித்துவிட்டுப் போட்டிருந்தால், என் வேலைக்காகத் தெரிந்தே தன் பெயரைக் கொடுத்திருக்கிறார், அந்தச் சிறுமியின் காலையும் சேர்த்து. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் நிரந்தரமானேன். இப்போதும் அதே மேசைதான். அண்ணன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறார். பெக்டரியில் அவர் இடத்துக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை, மறுபடி ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடந்ததை எழுதி பெக்டரி மேனேஜருக்கு நான் ஒரு கடிதம் கொடுத்தால் ஒருவேளை அண்ணனைத் திரும்ப எடுப்பார்கள். என் வேலை நிச்சயம் போகும். பொலிஸும் என்னைக் கூப்பிடலாம். என் மகளுக்கு இரண்டரை வயது. வீட்டுக்காரரிடம் இன்னும் நான் எதையும் சொல்லவில்லை. இதுவரை மூன்று தடவை கடிதம் எழுதி, மூன்று தடவையும் கிழித்துவிட்டேன்.

வரும் மாதம் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணனுக்குப் போன் பண்ணினேன். “வராம இருப்பனா? புள்ளைக்கு என்ன கலர் சட்டை எடுக்கட்டும்?” என்றார்.

இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். அவர் மடியில் பிள்ளையை வைப்பதற்கு முன்பே நான் வாயைத் திறந்துவிட வேண்டுமா? அல்லது அந்த ஒரு நாளையாவது அவர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, கடிதத்தைப் பிறகு கொடுப்பதா? அவரைக் கேட்காமலே கொடுத்துவிடலாமா, அது அவர் எனக்காக மூடி வைத்ததைப் போட்டு உடைப்பதாகுமா? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு யோசனை வேண்டுமென்றால் அண்ணனிடம்தான் போய்க் கேட்பேன். இதை மட்டும் அவரிடம் கேட்க முடியவில்லை.