ஏழாவது பட்டன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன், நான் எழுதாததை கம்ப்யூட்டர் தானாகச் செய்யாது என்ற நம்பிக்கையில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

என் அண்ணன் சேவியருக்கு நரம்பு நோய். இருபது வருஷம் கடலுக்குப் போன உடம்பு, புதுக்கடை தாண்டி கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் கட்டிலோடு கிடந்தது. கால் போயிற்று, கை போயிற்று, பேச்சும் போயிற்று. வலது கட்டைவிரல் மட்டும் அசைந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அந்த ஒரு விரலுக்காக லேப்டாப்பில் ஒரு மெனு செய்தேன். அதற்கென்றே இலவசமாக ஒரு ஸ்கிரிப்ட் லைப்ரரி கிடைக்கிறது, ஒரு வரி எழுதினால் திரையில் ஒரு பட்டன் வரும். தண்ணீர், வலி, சளி, திருப்பிப் படுக்க வை, ஃபேன், லைட் என்று ஆறு பட்டன். மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொன்றாக நகரும், வேண்டியது வரும்போது விரலுக்கடியில் இருக்கும் சுவிட்சை அண்ணன் அமுக்கினால் அது பேசும். என் குரலைத்தான் பதிந்து வைத்திருந்தேன். முதல் நாள் ஃபேன், லைட், ஃபேன், லைட் என்று அமுக்கித் தள்ளினான், அவன் மனைவி, என் மைனி, சிரித்துக்கொண்டே ஓடி ஓடிப் போட்டார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல மழை. மைனி அடுக்களையிலிருந்து சொன்னார்: "மக்கா, அண்ணன் ரெண்டு நாளா ஒண்ணும் கேக்கல்ல. ஒனக்க மெசின் கேடாயிட்டா, பாரு."

போய்ப் பார்த்தேன். திரையில் ஏழு பட்டன். கடைசியில் 'கதவைத் திற' என்று இருந்தது. ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன், ஆறு வரிதான், விரல் வைத்து மூன்று தடவை எண்ணினேன். அணைத்துப் போட்டேன், திரும்பவும் ஏழு. மஞ்சள் வெளிச்சம் ஏழாவதில் போய் நின்றது.

"ஏட்டி, கதவத் தொற."

சத்தியமாக என் குரல். மைனியை நான் ஏட்டி என்று கூப்பிடுவேனா? அண்ணன் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவான்.

மைனி கரண்டியோடு வந்து நின்றார். "என்ன வெளையாட்டு இது? சாவக் கெடக்க மனுசன வச்சா வெளையாடுக?"

"அம்மாமேல சத்தியம் மைனி, நான் செய்யல்ல."

திரும்பவும் அதே குரல், திரும்பவும், திரும்பவும். அண்ணன் கண் வாசலிலேயே இருந்தது. பொறுக்கமாட்டாமல் மைனி போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். முற்றத்தில் மழையைத் தவிர யாருமில்லை. குரல் நின்றது. திரையைப் பார்த்தேன், ஆறு பட்டன்.

சாயங்காலம், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அந்த விரலைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். "இதும் போயிட்டே. ரெண்டு மூணு நாளாச்சு போல இருக்கு" என்றார். மைனி என்னைத்தான் பார்த்தார்.

வியாழக்கிழமை அண்ணன் போய்விட்டான்.

லேப்டாப் முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி ஒரு குரல் பதிவே அதில் இல்லை. நான்தான் செய்தேன் என்று மைனி இன்றும் நினைக்கிறார், நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, அதை விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்குக் கதவைத் திறந்ததும், சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ வழிவிடுகிற மாதிரி அவர் ஓரடி விலகி நின்றதை நான் பார்த்தேன். ஏன் விலகினீர்கள் என்று இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.