ரேடியேட்டரில் ஒரு கொட்டாங்கச்சி மாவு

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் என் வீட்டுக்காரரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகவிடாமல் காத்தது ஒரு பழைய கார்தான். பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ஒரு வாடகை அறை. அவர் கிள்ளானில் இருந்த ஜப்பான்காரன் ஆபீஸுக்கு அந்தக் காரை ஓட்டினார். கார் ஓடும்வரை அவர் டிரைவர். நின்றுபோனால் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டியதுதான். அப்படிப் போனவர் ஒருவர்கூட எங்கள் வீட்டு வரிசைக்குத் திரும்பி வந்திருக்கவில்லை.

கார் ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தது. ஈயம் வைத்து அடைக்கலாம் என்றால், ஈயத்துக்கு எங்கே போவது? அப்போதெல்லாம் டிரைவர்கள் ஒரு கரண்டி மரவள்ளி மாவைக் கரைத்து உள்ளே ஊற்றுவார்கள். சூட்டில் மாவு வெந்து ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். இவரும் ஊற்றினார். மறுநாள் காலை பத்து மணிக்கு கிள்ளானில் எல்லாக் கார்களையும் பார்க்கப்போகிறார்கள், ஓடாத காரின் டிரைவரைச் சயாமுக்கு ஏற்றிப்போக லோரி தயாராக நிற்கும் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சொல்லி அனுப்பியிருந்தார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். காருக்கு அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! உயிர் போகிற விஷயத்தில்கூட இந்த மனுஷனுக்கு ஒரு கரண்டிதானா? அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மாவை ஒரு கொட்டாங்கச்சி நிறைய அள்ளிக் கரைத்து ஊற்றினேன். சொட்டுவது நின்றது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"நானும் வரேன்," என்றேன். லோரியில் ஏற்றினால் கடைசியாக முகத்தையாவது பார்க்கலாமே. அவருக்கும் அது புரிந்திருக்கவேண்டும், முன்கதவைத் திறந்துவிட்டார்.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் முன்னால் ஆவி கிளம்பியது. ரப்பர் மரங்களின் ஓரமாக நிறுத்தினார். நான் ஓடிப்போய்க் கால்வாயில் தகர வாளியை முக்கிக்கொண்டு வந்தேன்.

"ஊத்துங்க, ஊத்துங்க!"

"சும்மா இரு புள்ள. இந்தச் சூட்டுல பச்சைத்தண்ணி பட்டா இஞ்சின் வெடிச்சிரும்."

அவர் அவசரப்படவே இல்லை. காற்றாடியைச் சுற்றும் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. ரப்பர் குழாய்கள் கிழியவில்லை. சாக்கைப் போட்டு மெல்ல மூடியைத் திறந்தார், தண்ணீர் விளிம்புவரை இருந்தது. பிறகு ரேடியேட்டரின் மேலே கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார். கீழே வைத்தார். எடுக்கவில்லை.

"மேல கொதிக்குது, கீழ சில்லுனு இருக்கு. தண்ணி எறங்கல. உள்ள என்னமோ அடைச்சிருக்கு."

அவர் அடிக்குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தினார். பொளக்கென்று கூழ் விழுந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க போட்டேன். ஒரு கொட்டாங்கச்சி நெறைய. ஓட்டை நல்லா அடைக்கட்டுமேன்னு..." சொல்லச் சொல்லவே அழுதேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் ரோட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடிப்பாவி! நமக்கு வெச்சிருந்ததை எல்லாம் இதுக்கு ஊட்டிட்டியா?"

அந்த நேரத்தில் அப்படிச் சிரிக்க யாரால் முடியும்? இப்போது நினைத்தாலும் அந்த மனுஷன்மேல் ஆசை வருகிறது.

டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு காரில் இருந்தது. அதன் குழாயை ரேடியேட்டரின் அடிவாயில் துணி சுற்றி அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. மேல்வாயில் கூழ் குமுறிக்குமுறி வெளியே வழிந்தது. தண்ணீர் விட்டோம், அடித்தோம், மறுபடி விட்டோம். கடைசியில் மேலே விட்ட தண்ணீர் கீழே கலங்கலில்லாமல் ஓடியது. என்ன அதிசயமோ, ஓட்டையில் ஒட்டியிருந்த மாவு மட்டும் அசையவில்லை. இஞ்சின் நன்றாக ஆறியபின் குழாயை மாட்டிக் கிளம்பினோம்.

கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது பத்தரை ஆகிவிட்டது. ஆபீஸ் வாசலில் லோரி நின்றது, அதில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். நான் ரோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டேன்.

"ஏன்யா லேட்டு?" கிராணியின் குரல் எனக்குக் கேட்டது.

"ரேடியேட்டர்ல மாவு அதிகமா போட்டுட்டேன் சார். என் தப்புதான்."

கிராணி அதை ஜப்பான்காரனிடம் சொன்னார். பளாரென்று ஒரு அறை விழுந்தது. அது என் கன்னத்தில் விழவேண்டிய அறை. ஜப்பான்காரன் காரில் ஏறி, இவரை ஓட்டச் சொல்லித் தெருவை இரண்டு முறை சுற்றிவந்தான். இறங்கி ரேடியேட்டரைப் பார்த்தான். லோரியையும் ஒருமுறை பார்த்தான். கையை ஆட்டி, காரைக் கொட்டகையில் விடச் சொன்னான்.

அவர் காரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. "லோரில ஏத்துற லிஸ்ட்ல என் பேரு இல்ல புள்ள," என்றார். சொன்னதும் அவர் கைகள் நடுங்க ஆரம்பித்தன. வேட்டியைப் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. கொதிக்கிற மூடியைப் பதறாமல் திறந்த கைகள். புருஷன் பெண்டாட்டி தெருவில் பக்கத்தில் பக்கத்தில்கூட நடக்காத காலம் அது. நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து என் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கிராணி பார்த்தார், லோரியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நடுக்கம் நிற்கும்வரை நான் விடவில்லை.